ஜான் டபிள்யூ. டேவிஸ்

ஜான் வில்லியம் டேவிஸ் (ஏப்ரல் 13, 1873 – மார்ச் 24, 1955) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த வழக்கறிஞரும் அரசியல்வாதியும் தூதரும் ஆவார். பெரும் வங்கிகளுக்காகவும் தொழில் நிறுவனங்களுக்காகவும் அரசை எதிர்த்து வாதிட்டவர்களுள் அவர் காலத்தில் முதன்மையானவராகக் கருதப்பட்டார். ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஏறத்தாழ 140 வழக்குகளில் வாதிட்டுள்ளார். 1924 ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளராக நின்று தோற்றார். 1933 இல் வால் தெரு குறித்து செனட் அவை நடத்திய விசாரணையில் ஜே. பி. மார்கன் வங்கியின் வழக்கறிஞராக இருந்தார். 1952 இல் எஃகு ஆலைகளை அரசு கைப்பற்றியதை எதிர்த்து வாதிட்டு வென்றார். பள்ளிகளில் கறுப்பின மாணவரைப் பிரித்து வைக்கும் முறைக்கு ஆதரவாக 1952 இலும் 1953 இலும் வாதிட்டுத் தோற்றார். இன்று பலர் அவரை அறிவது இந்தக் கடைசி வழக்கின் மூலமே.

பிறப்பும் கல்வியும்

டேவிஸ் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் கிளார்க்ஸ்பர்க் என்னும் ஊரில் பிறந்தார். உள்நாட்டுப் போரில் தென்மாநிலப் படைத்தலைவராக இருந்த ஸ்டோன்வால் ஜாக்சன் பிறந்ததும் இதே ஊரில்தான். டேவிசின் தந்தை ஜான் ஜேம்ஸ் டேவிஸ் ஒரு வழக்கறிஞர். ஐக்கிய அமெரிக்கக் காங்கிரசில் உறுப்பினராகவும் இருந்தவர். வர்ஜீனியா மாநிலம் ஒன்றியத்தை விட்டுப் பிரிந்து செல்வதைத் தந்தை எதிர்த்தார். ஆனால் மாநில உரிமைகளில் மைய அரசு தலையிடுவதையும் அதே அளவுக்கு வெறுத்தார். மகனிடம் இறுதிவரை மாறாதிருந்த அரசியல் கொள்கை தந்தையிடமிருந்து பெற்றதே.

டேவிஸ் வர்ஜீனியாவிலுள்ள வாசிங்டன் அண்ட் லீ பல்கலைக்கழகத்தில் 1892 இல் இளங்கலைப் பட்டமும் 1895 இல் சட்டப் பட்டமும் பெற்றார். பின்னர் அங்கேயே ஓராண்டு சட்டம் கற்பித்தார். ஆசிரியர் பணியில் நிலைக்க அவருக்கு விருப்பமில்லை. சொந்த ஊர் திரும்பித் தந்தையுடன் இணைந்து வழக்குகளை நடத்தினார். முதல் மூன்று வழக்குகளிலும் அவருக்குத் தோல்வியே கிடைத்தது என்று சொல்லப்படுகிறது.

1899 இல் ஜூலியா மெக்டொனால்டு என்பவரை மணந்தார். அடுத்த ஆண்டே, மகள் பிறந்த சில வாரங்களில் மனைவி இறந்தார். தாயின் பெயரே குழந்தைக்கும் இடப்பட்டது. அம்மகள் ஜூலியா டேவிஸ் பிற்காலத்தில் எழுத்தாளரானார். டேவிஸ் 1912 இல் எலன் பாசெல் என்பவரை மறுமணம் செய்துகொண்டார்.

காங்கிரஸ் உறுப்பினர்

1899 இல் மாநிலச் சட்டமன்ற உறுப்பினராக இருந்தார். 1910 தேர்தலில் ஐக்கிய அமெரிக்கப் பிரதிநிதிகள் அவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவையின் நீதித்துறைக் குழுவில் இடம்பெற்ற டேவிஸ், தொழிற்சங்கங்களின் வேலைநிறுத்தங்களுக்கு எதிராக நீதிமன்றங்கள் எளிதில் தடையாணை வழங்குவதைக் கட்டுப்படுத்தும் மசோதா ஒன்றை வரைவதில் முதன்மைப் பங்காற்றினார். அதன் கருத்துகள் 1914 ஆம் ஆண்டின் கிளேட்டன் சட்டத்தில் இடம்பெற்றன. பிற்காலத்தில் தொழில் அதிபர்களின் வழக்கறிஞர் என்று தொழிற்சங்கத்தினரால் வெறுக்கப்பட்டவர் இதைச் செய்தவர் என்பது பலருக்கும் வியப்பளிக்கும்.

சொலிசிட்டர் ஜெனரல்

1913 இல் குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன் டேவிசை சொலிசிட்டர் ஜெனரலாக நியமித்தார். உச்ச நீதிமன்றத்தில் மைய அரசின் சார்பில் வாதிடும் பதவி இது. இதே பெயருடைய பதவி இந்தியாவிலும் உண்டு. ஆனால் அங்கு அரசுத் தலைமை வழக்கறிஞருக்கு அடுத்த நிலையில் இருப்பவர் என்பதைவிட, உச்ச நீதிமன்றத்திற்கு எந்த வழக்கை எடுத்துச் செல்வது என்று முடிவு செய்பவர் என்ற வகையிலேயே அவர் செல்வாக்குப் பெறுகிறார். டேவிஸ் 1918 வரை இப்பதவியில் இருந்தார்.

இக்காலத்தில் அவர் வாதிட்ட இரு வழக்குகளை இங்குக் குறிப்பிட வேண்டும். முதலாவது கின் வழக்கு. வாக்களிக்க விரும்புவோர் எழுத்தறிவுத் தேர்வில் தேற வேண்டும் என்று ஓக்லகோமா மாநிலம் 1910 இல் விதித்தது. ஆனால் 1866 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வாக்குரிமை பெற்றிருந்தோருக்கும் அவர்களின் வழித்தோன்றல்களுக்கும் விலக்கு அளித்தது. அந்நாளில் கறுப்பினத்தவருக்குப் பெரும்பாலும் வாக்குரிமை இல்லை. எனவே இனத்தின் பெயரைச் சொல்லாமலேயே அவர்களை மட்டும் வடிகட்டும் ஏற்பாடாக இது அமைந்தது. இவ்விதி அரசமைப்புச் சட்டத்தின் 15 ஆம் திருத்தத்துக்கு முரணானது என்று டேவிஸ் வாதிட்டார். 1915 இல் நீதிமன்றம் ஒருமனதாக அதை ஏற்றது.

இரண்டாவது ரெனால்ட்ஸ் வழக்கு. அலபாமாவில் சிறு குற்றத்துக்கு அபராதம் விதிக்கப்பட்ட ஏழைக்காகப் பண்ணை முதலாளி அத்தொகையைக் கட்டிவிடுவார். அதற்கு ஈடாக அவ்வேழை பண்ணையில் உழைக்க வேண்டும். இடையில் வெளியேறினால் மீண்டும் வழக்கு, மீண்டும் அபராதம், மீண்டும் வேறொரு முதலாளி. இது கொத்தடிமை முறையே என்று டேவிஸ் வாதிட்டு 1914 இல் வென்றார்.

இவை அவருடைய சொந்தக் கொள்கையின் வெளிப்பாடுகள் என்று கொள்வதற்கில்லை. அரசின் வழக்கறிஞராக அரசின் கருத்தை அவர் எடுத்துரைத்தார். முதல் உலகப் போரின்போது கட்டாயப் படைச் சேர்ப்புச் சட்டத்தையும், தொடர்வண்டித் தொழிலாளருக்கு எட்டு மணி நேர வேலை நாளை வகுத்த ஆடம்சன் சட்டத்தையும் அவ்வாறே நீதிமன்றத்தில் நிலைநிறுத்தினார்.

தூதர் பணியும் வால் தெருவும்

1918 இல் டேவிஸ் பிரித்தானியாவுக்கான தூதராக அனுப்பப்பட்டு 1921 வரை இலண்டனில் இருந்தார். அந்நாளில் தூதர்களுக்குத் தரப்பட்ட ஊதியம் அப்பதவிக்குரிய செலவுகளுக்குப் போதவில்லை. கைப்பணம் கரைந்த நிலையில் நாடு திரும்பிய அவர், நியூயார்க் நகரின் பழைய சட்ட நிறுவனம் ஒன்றில் தலைமைப் பங்காளியாகச் சேர்ந்தார். குடியரசுத் தலைவராக இருந்த குரோவர் கிளீவ்லாந்து தம் இரு பதவிக்காலங்களுக்கு இடையில் தொடர்பு கொண்டிருந்த நிறுவனம் அது. ஜே. பி. மார்கன் வங்கி அதன் முதன்மையான கட்சிக்காரர். இந்நிறுவனமே பின்னர் டேவிஸ் போல்க் என்ற பெயரைப் பெற்றது.

1922 இல் உச்ச நீதிமன்ற நீதிபதி பதவிக்கு அவர் பெயர் பேசப்பட்டது. தலைமை நீதிபதி டாஃப்ட் உள்ளிட்டோர் வற்புறுத்தியும் டேவிஸ் இணங்கவில்லை. அவ்வாண்டு அவர் அமெரிக்க வழக்கறிஞர் மன்றத்தின் தலைவரானார்.

1924 தேர்தல்

1924 ஆம் ஆண்டு ஜனநாயகக் கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நியூயார்க்கின் மேடிசன் சதுக்க அரங்கில் கூடியது. மாநாட்டிற்கு முன்பே நண்பர்கள் சிலர் டேவிசுக்கு ஓர் அறிவுரை கூறினர். மார்கன் போன்ற கட்சிக்காரர்களை விட்டு விலகினால் வேட்பாளராகும் வாய்ப்பு கூடும் என்பதே அது. டேவிஸ் ஒரு கடிதத்தின் மூலம் அதை மறுத்தார். தம்மை நம்பி வந்தவரை அரசியல் ஆதாயத்துக்காகக் கைவிடும் வழக்கறிஞர் தம் தொழிலையே விலைபேசுபவர் ஆகிறார் என்பது அக்கடிதத்தின் சாரம். இக்கடிதம் செய்தித்தாள்களில் வெளியாகிப் பரவலாகப் பேசப்பட்டது. அவருடைய வாழ்க்கையைப் புரிந்துகொள்ள உதவும் ஆவணங்களுள் இதுவே முதன்மையானது எனலாம்.

மாநாடு இரு வாரங்களுக்கும் மேலாக நீடித்தது. மெக்காடூ, ஆல் ஸ்மித் ஆகிய இருவருக்கும் இடையில் மதுவிலக்கு, கத்தோலிக்க சமயம், கு கிளக்ஸ் கிளான் இயக்கம் ஆகியவற்றைப் பற்றிய பிளவு தீராததால் இருவருக்கும் தேவையான மூன்றில் இரு பங்கு வாக்குகள் கிடைக்கவில்லை. முடிவில் 103 ஆவது சுற்று வாக்கெடுப்பில், இரு அணிகளும் களைத்துப்போன நிலையில், டேவிஸ் தேர்ந்தெடுக்கப்பட்டார். இம்மாநாடு வானொலியில் ஒலிபரப்பானதால் கட்சியின் உட்பூசலை நாடே கேட்டது.

அவ்வாண்டு ஆகஸ்டில் நியூஜெர்சியில் பேசியபோது டேவிஸ் கு கிளக்ஸ் கிளானைப் பெயர் சொல்லிக் கண்டித்தார். கட்சி மாநாடே அதன் பெயரைச் சொல்லத் தயங்கிய காலம் அது. ஆயினும் தேர்தலில் அவருக்குக் கிடைத்தவை ஏறத்தாழ 84 இலட்சம் வாக்குகளே, அதாவது 28.8 விழுக்காடு. கால்வின் கூலிட்ஜ் 54 விழுக்காடு பெற்று வென்றார். வால் தெரு வழக்கறிஞருக்கு வாக்களிக்க மனமில்லாத பலர் முற்போக்குக் கட்சியின் லா ஃபோலெட்டை ஆதரித்தனர். டேவிசுக்குத் தென்மாநிலங்களும் ஓக்லகோமாவும் மட்டுமே துணைநின்றன. அவர் தம் அலுவலகத்திற்குத் திரும்பினார். அதன்பின் எந்தத் தேர்தலிலும் நிற்கவில்லை.

மார்கன் வங்கியும் 1933 விசாரணையும்

1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை வீழ்ந்தது. அதற்கான காரணங்களை ஆராய செனட் அவையின் வங்கித்துறைக் குழு 1932 இல் விசாரணையைத் தொடங்கியது. 1933 சனவரியில் பெர்டினாண்ட் பெக்கோரா என்பவர் குழுவின் வழக்கறிஞரானார். சிசிலித் தீவில் பிறந்து சிறுவயதில் குடியேறியவரான பெக்கோரா, நியூயார்க்கில் அரசு வழக்கறிஞராக இருந்து கணக்கேடுகளைத் துருவுவதில் தேர்ந்தவர்.

மார்கன் வங்கி தனியார் பங்காளிகளின் நிறுவனம். பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்றதில்லை. வரவு செலவுக் கணக்கை வெளியிட்டதுமில்லை. பெக்கோரா வங்கிக்கு ஒரு வினாப்பட்டியலை அனுப்பியபோது, சில வினாக்களைக் கேட்கக் குழுவுக்கு அதிகாரமில்லை என்று டேவிஸ் மறுத்தார். சட்டப்படி அது வலுவான மறுப்புத்தான். ஆனால் அதன் விளைவு எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக அமைந்தது. செனட் அவை 1933 ஏப்ரலில் தனித் தீர்மானம் ஒன்றின் மூலம் குழுவின் அதிகாரத்தை விரிவாக்கியது. பெக்கோராவின் உதவியாளர்கள் வங்கிக்குள்ளேயே சென்று ஏடுகளைப் புரட்டினர்.

1933 மே 23 அன்று ஜே. பி. மார்கன் (இளையவர்) சாட்சியம் அளிக்க வந்தார். டேவிஸ் அவருக்கு அருகில் அமர்ந்திருந்தார். அடுத்த சில நாள்களில் வெளிவந்த செய்திகள் நாட்டை உலுக்கின. வங்கியின் 20 பங்காளிகளும் 1931, 1932 ஆகிய இரு ஆண்டுகளிலும் வருமான வரி எதுவும் செலுத்தவில்லை. சந்தை வீழ்ச்சியில் ஏற்பட்ட இழப்பை வருமானத்தில் கழித்துக்கொள்ள அன்றைய சட்டம் இடம் கொடுத்தது என்பதால் இதில் குற்றம் எதுவுமில்லை. வேலையிழந்து நின்ற மக்களிடம் இந்த விளக்கம் எடுபடவில்லை. மேலும் பங்காளிகள் 89 நிறுவனங்களில் 126 இயக்குநர் பதவிகளை வகித்ததும் தெரியவந்தது.

இவற்றைவிடக் கூடுதலாகப் பேசப்பட்டது சலுகைப் பட்டியல். 1929 இன் தொடக்கத்தில் அலகனி என்னும் நிறுவனத்தின் பங்குகளை வங்கி தன் நண்பர்களுக்கு 20 டாலர் விலையில் ஒதுக்கியது. அதே வேளையில் சந்தையில் அவற்றின் விலை 30 டாலருக்கும் மேல் இருந்தது. வாங்கியவர் மறுநாளே விற்றாலும் ஆதாயம் உறுதி. முன்னாள் குடியரசுத் தலைவர் கூலிட்ஜ், 1933 இல் நிதியமைச்சராக இருந்த வில்லியம் உட்டின், படைத்தலைவர் பெர்ஷிங், விமானி சார்லஸ் லிண்ட்பர்க் ஆகியோர் இத்தகைய சலுகைப் பட்டியல்களில் இடம்பெற்றிருந்தனர். சாதாரணப் பங்குகள் இடர் மிகுந்தவை என்பதால், அந்த இடரை அறிந்து தாங்கக்கூடியோருக்கு மட்டுமே அவற்றை விற்றதாக வங்கித் தரப்பில் விளக்கம் தரப்பட்டது.

சலுகை பெற்றோருள் டேவிசும் ஒருவர். கட்சிக்காரரின் செயலை வழக்கறிஞரின் செயலாகக் கருதக் கூடாது என்பது அவர் 1924 கடிதத்தில் எடுத்த நிலை. ஆனால் விசாரிக்கப்படும் செயலில் வழக்கறிஞரே பயன்பெற்றவராக இருக்கும்போது அந்த எல்லைக்கோடு மங்கிவிடுகிறது. சட்டத்தை மீறியதாக டேவிஸ் மீது எவரும் குற்றம் சாட்டவில்லை. ஆயினும் அவருடைய வாழ்வில் விளக்குவதற்குக் கடினமான பகுதிகளுள் இது ஒன்றாகும்.

ஜூன் 1 அன்று, விசாரணை தொடங்கக் காத்திருந்த வேளையில், சர்க்கஸ் கம்பெனியின் விளம்பர முகவர் ஒருவர் அங்குப் பணியாற்றிய மிகக் குள்ளமான பெண் ஒருவரை மார்கனின் மடியில் உட்கார வைத்தார். அந்தப் புகைப்படம் உலகமெங்கும் வெளியானது. விசாரணையைப் பற்றிய நினைவாகப் பலரிடம் எஞ்சியது அப்படமே.

பிணையச் சட்டங்கள்

விசாரணை நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, 1933 மே 27 இல் பிணையங்கள் சட்டம் கையெழுத்தானது. பங்குகள், கடன் பத்திரங்கள் முதலியவற்றைப் பிணையங்கள் என்பர். அவற்றைப் பொதுமக்களுக்கு விற்கும் நிறுவனம் தன் நிலையை உண்மையாக வெளியிட வேண்டும் என்றும், வெளியீட்டு அறிக்கையில் பொய் இருந்தால் நிறுவனத்தின் மீதும் இயக்குநர்கள் மீதும் வெளியீட்டை ஏற்று நடத்திய வங்கிகள் மீதும் முதலீட்டாளர் வழக்குத் தொடரலாம் என்றும் இச்சட்டம் விதித்தது. அடுத்த மாதம் வந்த கிளாஸ்–ஸ்டீகல் சட்டம் வைப்புத்தொகை பெறும் வங்கிகளையும் பங்கு வெளியிடும் வங்கிகளையும் பிரித்தது. அதன் விளைவாக 1935 இல் மார்கன் வங்கியிலிருந்து மார்கன் ஸ்டான்லி நிறுவனம் தனியே பிரிந்தது. 1934 ஆம் ஆண்டின் சட்டம் பங்குச் சந்தைகளைக் கண்காணிக்க பிணையங்கள் மற்றும் பரிமாற்ற ஆணையத்தை உருவாக்கியது. இந்தியாவில் 1992 இல் சட்டப்படியான அதிகாரம் பெற்ற செபி இதே வகையைச் சேர்ந்த அமைப்பாகும்.

இச்சட்டங்களைப் பயன்படுத்தி, இழப்புக்குள்ளான முதலீட்டாளர் அனைவருக்காகவும் ஓரிருவர் முன்னின்று தொடுக்கும் குழு வழக்குகள் பெருகியது 1966 இல் உரிமையியல் நடைமுறை விதிகள் திருத்தப்பட்ட பிறகே. டேவிஸ் அவற்றைக் காணவில்லை. ஆனால் அத்தகைய வழக்குகளில் நிறுவனங்களுக்காக வாதிடும் வழக்கறிஞர் கூட்டம் உருவானதற்கான வித்து 1933 இல், அவர் கண்ணெதிரே இடப்பட்டது.

புதிய சட்டங்கள் டேவிசுக்கு உடன்பாடானவை அல்ல. குடியரசுத் தலைவர் ரூசவெல்ட் தம் கட்சியைச் சேர்ந்தவராக இருந்தும், மைய அரசின் அதிகாரம் எல்லை மீறுகிறது என்று கருதினார். 1934 இல் தொடங்கப்பட்ட அமெரிக்க விடுதலைக் கழகத்தின் நிறுவனர்களுள் ஒருவரானார். மின்சாரம், எரிவாயு நிறுவனங்களின் பங்குகளைக் கையில் வைத்துக்கொண்டு அவற்றை ஆட்டிப்படைத்த தாய் நிறுவனங்களை ஒடுக்க 1935 இல் ஒரு சட்டம் வந்தது. அதை எதிர்த்து பால்டிமோர் நீதிமன்றத்தில் டேவிஸ் தோன்றினார். கடன் பத்திரங்களில் சிறு தொகை முதலீடு செய்திருந்த பல் மருத்துவர் ஒருவர் பெயரளவில் அவருடைய கட்சிக்காரர். உண்மையில் பின்னால் இருந்தவை மின் நிறுவனங்களே. எதிர்ப்பில்லாத வகையில் புனையப்பட்ட வழக்கு என்று ஆணையம் குறைகூறியது. நீதிபதி கோல்மன் 1935 நவம்பரில் சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தார். ஆயினும் உச்ச நீதிமன்றம் 1936 இல் இவ்வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்தது. அச்சட்டத்தின் பதிவு விதிகள் 1938 இல் வேறொரு வழக்கில் உறுதி செய்யப்பட்டன.

1937 இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்துக்காக வாதிட்டபோதும் டேவிஸ் 5–4 என்ற கணக்கில் தோற்றார். தொழிற்சங்கப் பணிக்காக நீக்கப்பட்ட செய்தியாளரை மீண்டும் சேர்க்குமாறு அரசு ஆணையிடுவது பத்திரிகைச் சுதந்திரத்தைப் பறிப்பதாகும் என்பது அவர் வாதம்.

பிற வழக்குகள்

டேவிசைப் பணக்காரர்களின் வழக்கறிஞர் என்று மட்டும் சொல்லி நிறுத்திவிட முடியாது. கனடாவில் பிறந்த இறையியல் பேராசிரியர் டக்ளஸ் மெக்கின்டாஷ், எந்தப் போரிலும் ஆயுதம் ஏந்துவதாக முன்கூட்டியே உறுதியளிக்க மறுத்ததால் அவருக்குக் குடியுரிமை மறுக்கப்பட்டது. டேவிஸ் கட்டணமின்றி அவருக்காக உச்ச நீதிமன்றத்தில் வாதிட்டார். 1931 இல் 5–4 என்ற கணக்கில் தோற்றார். அத்தீர்ப்பை 1946 இல் நீதிமன்றமே கைவிட்டது. 1949 இல், கம்யூனிஸ்டு உளவாளி என்று குற்றம் சாட்டப்பட்ட ஆல்ஜர் ஹிஸ்ஸின் நன்னடத்தைக்குச் சாட்சியம் அளித்தார். 1954 இல் அணுகுண்டு அறிவியலாளர் ஓப்பன்ஹைமரின் பாதுகாப்பு அனுமதி பறிக்கப்பட்டபோது அவருடைய வழக்கறிஞர்களுக்குத் துணைநின்றார். கம்யூனிச எதிர்ப்பு உச்சத்தில் இருந்த அந்நாளில் மக்கள் வெறுத்தவர்களுடன் தம் பெயரைச் சேர்த்துக்கொள்ள அவர் அஞ்சவில்லை.

எஃகு ஆலை வழக்கு

1952 இல் கொரியப் போர் நடந்துகொண்டிருந்தது. எஃகுத் தொழிலாளர் ஊதிய உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் அறிவித்திருந்தனர். போருக்கான எஃகு உற்பத்தி தடைபடும் என்று கூறி, ஏப்ரல் 8 ஆம் நாள் இரவு குடியரசுத் தலைவர் ட்ரூமன் எஃகு ஆலைகளை அரசின் பொறுப்பில் எடுத்துக்கொள்ள ஆணையிட்டார். இதற்கு அதிகாரம் தரும் சட்டம் எதையும் காங்கிரஸ் இயற்றியிருக்கவில்லை. வணிகத்துறைச் செயலாளர் சாயர் ஆலைகளுக்குப் பொறுப்பானார். நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. மாவட்ட நீதிமன்றத்தில் நிறுவனங்கள் வென்றன. வழக்கு நேராக உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது.

மே 12 அன்று, 79 வயதான டேவிஸ் எல்லா நிறுவனங்களுக்காகவும் வாதிட எழுந்தார். 87 நிமிடங்கள் பேசினார். வழக்கறிஞர்களை வினாக்களால் துளைப்பதற்குப் பெயர்பெற்ற நீதிபதிகள் ஒரே ஒரு முறை மட்டுமே இடைமறித்தனர். அரசின் சார்பில் வாதிட்ட சொலிசிட்டர் ஜெனரல் பெர்ல்மனை அவர்கள் அவ்வாறு விட்டுவைக்கவில்லை.

இவ்வழக்கில் ஒரு சங்கடமும் இருந்தது. சட்டம் ஏதுமில்லாமலேயே எண்ணெய் வளமுள்ள பொது நிலங்களைக் குடியரசுத் தலைவர் டாஃப்ட் 1909 இல் முடக்கி வைத்தார். அது செல்லும் என்று மிட்வெஸ்ட் ஆயில் வழக்கில் அரசுக்காக வாதிட்டு 1915 இல் வென்றவர் டேவிசே. அவர் அன்று எழுதிய வாதுரையை 37 ஆண்டுகளுக்குப் பின் அரசுத் தரப்பு அவருக்கு எதிராகவே எடுத்துக்காட்டியது. வழக்கறிஞர் சொல்வது கட்சிக்காரரின் கருத்தே என்ற கொள்கையை ஏற்பவருக்கு இதில் முரண்பாடு இல்லை. அதை ஏற்காதவருக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

ஜூன் 2 அன்று 6–3 என்ற கணக்கில் டேவிஸ் வென்றார். சட்டம் இயற்றும் அதிகாரம் காங்கிரசுக்கே உரியது என்று நீதிபதி ஹியூகோ பிளாக் எழுதினார். தலைமை நீதிபதி வின்சன் மாறுபட்டார். குடியரசுத் தலைவரின் அதிகார எல்லையைப் பற்றிய விவாதங்களில் இத்தீர்ப்பு இன்றளவும் முதலில் சுட்டப்படுகிறது. தீர்ப்புக்குப் பின் தொழிலாளர் தொடங்கிய வேலைநிறுத்தம் 53 நாள்கள் நீடித்தது.

பிரிக்ஸ் எதிர் எலியட்

தென் கரோலினாவின் கிளாரெண்டன் மாவட்டத்தில் கறுப்பினப் பெற்றோர் தொடுத்த வழக்கு இது. வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் தனித்தனிப் பள்ளிகள் இருப்பதே சமத்துவத்துக்கு எதிரானது என்பது அவர்களின் கோரிக்கை. 1951 இல் மூன்று நீதிபதிகள் அமர்வில் இருவர் அதை ஏற்க மறுத்தனர். உச்ச நீதிமன்றம் இதனை பிரவுன் வழக்கு என்று அறியப்படும் தொகுப்பில் சேர்த்து விசாரித்தது. ஆளுநர் ஜேம்ஸ் பைர்ன்சின் வேண்டுகோளை ஏற்று டேவிஸ் மாநிலத்துக்காகத் தோன்றினார். கட்டணம் எதையும் அவர் பெறவில்லை. பின்னர் மாநிலம் அவருக்கு வெள்ளித் தேநீர்க் கலங்களை நினைவுப் பரிசாக அளித்தது.

எதிர்த்தரப்பில் தர்குட் மார்ஷல். ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் சட்ட மாணவராக இருந்தபோது, டேவிஸ் உச்ச நீதிமன்றத்தில் வாதிடும் நாள்களில் வகுப்பைத் தவிர்த்துவிட்டு அதைக் கேட்கச் சென்றவர் அவர்.

டேவிசின் வாதம் மூன்று அடிப்படைகளில் நின்றது. பிரித்து வைத்தாலும் வசதிகள் சமமாக இருந்தால் போதும் என்று 1896 இல் பிளெசி வழக்கில் நீதிமன்றம் கூறியுள்ளது. அதை நம்பியே மாநிலங்கள் இயங்கி வந்துள்ளன. 14 ஆம் சட்டத் திருத்தத்தை முன்மொழிந்த அதே காங்கிரசின் ஆட்சிக்குட்பட்ட தலைநகரிலேயே தனிப் பள்ளிகள் இருந்தன. பள்ளிகளை நடத்துவது மாநிலத்தின் உரிமை. கறுப்பினக் குழந்தைகள் பொம்மைகளில் எதைத் தேர்ந்தெடுக்கின்றனர் என்று ஆராய்ந்த உளவியல் சான்றுகளை அவர் ஏளனம் செய்தார். தென் கரோலினா விற்பனை வரி விதித்துக் கறுப்பினப் பள்ளிகளை மேம்படுத்தி வருகிறது என்றும் கூறினார். மாநிலம் அப்பணியைத் தொடங்கியது வழக்கு வந்த பிறகே என்பதை இங்குச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1952 டிசம்பரில் நடந்த முதல் விசாரணைக்குப் பின், 5–4 அல்லது 6–3 என்ற கணக்கில் வெற்றி கிடைக்கும் என்று டேவிஸ் எதிர்பார்த்தார். நீதிமன்றம் மறுவிசாரணைக்கு ஆணையிட்டது. இடையில் வின்சன் இறந்து ஏர்ல் வாரன் தலைமை நீதிபதியானார். 1953 டிசம்பர் 7 அன்று 80 வயதில் டேவிஸ் மீண்டும் வாதிட்டார். வாயிலிருந்த இறைச்சியைத் தண்ணீரில் தெரிந்த நிழலுக்காக இழந்த நாயின் கதையைச் சொல்லி, கிடைத்துக்கொண்டிருக்கும் சமமான வசதிகளைக் கறுப்பினத்தவர் கௌரவத்துக்காக இழந்துவிடக் கூடாது என்று முடித்தார். நம் ஊர்ப் பாடநூல்களிலும் உள்ள கதைதான் இது. உச்ச நீதிமன்றத்தில் அவர் செய்த கடைசி வாதம் அதுவே.

1954 மே 17 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தனர். பிரித்து வைக்கும் பள்ளிகள் இயல்பிலேயே சமமற்றவை என்று வாரன் அறிவித்தார். மார்ஷல் 1967 இல் அதே நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியானார்.

ஒரு வழக்கறிஞர் தம் கடமையைச் செய்தார் என்று சொல்லி இவ்வழக்கைக் கடந்துவிடுவோர் உண்டு. மார்கன் விசாரணையையும் எஃகு வழக்கையும் பொறுத்தவரை அவ்வாறு கூறலாம். ஆனால் இங்குக் கட்டணம் இல்லை. நெடுநாள் கட்சிக்காரரின் கட்டாயமும் இல்லை. மாநில உரிமை பற்றிய தம் நம்பிக்கையினாலேயே அவர் இவ்வழக்கை விரும்பி ஏற்றார். எனவே இதற்கு 1924 கடிதத்தின் நியாயத்தைப் பொருத்துவது சரியாகாது.

வாதிடும் முறை

1940 இல் நியூயார்க் வழக்கறிஞர் மன்றத்தில், மேல்முறையீட்டில் வாதிடுவது எப்படி என்பது பற்றி டேவிஸ் ஆற்றிய உரை சட்ட மாணவர்களால் இன்றும் படிக்கப்படுகிறது. தூண்டில் போடக் கற்றுத்தர வேண்டியது மீன்தான், மீனவர் அல்ல என்று வேடிக்கையாகத் தொடங்கி, நீதிபதிதான் அவ்வுரையை ஆற்றியிருக்க வேண்டும் என்றார். நீதிபதியின் இடத்தில் தம்மை வைத்துப் பார்ப்பது, உண்மைகளைக் காலவரிசைப்படி தெளிவாகச் சொல்வது, வழக்கின் உயிர்நிலையான புள்ளியை மட்டும் பற்றிக்கொள்வது, நீதிபதி வினா எழுப்பினால் மகிழ்வது, தாளைப் பார்த்துப் படிக்காமலிருப்பது, எதிர்த்தரப்பினரைத் தனிப்பட்ட முறையில் தாக்காமலிருப்பது, சொல்ல வேண்டியதைச் சொன்னதும் நேரம் மிச்சமிருந்தாலும் உட்கார்ந்துவிடுவது ஆகியவை அவர் கூறியவற்றுள் சில. வழக்கில் உண்மைகளை நன்கு எடுத்துரைப்பதே பாதி வாதம் என்பது அவர் கருத்து.

இறப்பு

இரண்டாம் மனைவி எலன் 1943 இல் இறந்த பிறகு டேவிஸ் நியூயார்க்கை அடுத்த லோகஸ்ட் வேலியில் வாழ்ந்து வந்தார். 1955 மார்ச் 24 அன்று தென் கரோலினாவின் சார்லஸ்டன் நகரில் தமது 81 ஆம் வயதில் இறந்தார். உடல் லோகஸ்ட் வேலியில் அடக்கம் செய்யப்பட்டது. பள்ளிகளை எவ்வளவு காலத்தில் ஒன்றிணைக்க வேண்டும் என்பது குறித்த விசாரணை அடுத்த மாதம் உச்ச நீதிமன்றத்தில் தொடங்கியபோது தென் கரோலினாவுக்காக வேறு வழக்கறிஞர்கள் தோன்றினர். வில்லியம் ஹார்பா எழுதிய டேவிசின் விரிவான வாழ்க்கை வரலாறு 1973 இல் வெளியானது. அவர் பெயரைத் தாங்கிய சட்ட நிறுவனம் நியூயார்க்கில் தொடர்ந்து இயங்கி வருகிறது. முதலீட்டாளர்கள் தொடுக்கும் பிணைய வழக்குகளில் வங்கிகளுக்காகவும் நிறுவனங்களுக்காகவும் வாதிடுவது அதன் பணிகளுள் ஒன்றாகும்.